பிஸ்கட் கட்டை குத்திய சுவர்

அறுபதுகளின் தொடக்கம். கொடைக்கானல் பஜாரில் எங்களுக்கு ரொட்டிக்கடை இருந்தது. முன்னால் கடை, நடுவில் செங்கல் அடுப்பு, பின்னால் வீடு. எனக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. ஐப்பசி மாதம். மலையில் யார் வீட்டுத் துணியும் காயாத மாதம்.

பள்ளிக்கூடத்தில் சித்திரம் சொல்லித்தரும் டீச்சர் ஒருவர் அப்போது கடைக்கு வந்தார். மதராஸ்காரர், முப்பது வயதிருக்கும். புடவைத் தலைப்பெல்லாம் களிமண். ரொட்டி வாங்க வந்தார் என்று நினைத்தால், "உங்க அடுப்பைக் கொஞ்ச நாளைக்கு இரவல் கேட்டு வந்தேன்" என்றார். அரிசி, சர்க்கரை இரவல் கேட்டு வந்தவர்கள் உண்டு. அடுப்பையே கேட்டு வந்தவர் அவர் ஒருவர்தான்.

விஷயம் இதுதான். ஊரில் பிரசவத்துக்கென்று புதிதாக ஓர் ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் காத்திருக்கும் கூடத்தில் ஒரு சுவர் முழுக்க, சித்திரம் கீறிச் சுட்ட மண் ஓடுகளைப் பதிக்கும் பொறுப்பை டீச்சர் ஏற்றிருந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சூளையும் கட்டிவிட்டார். ஆனால் முதலில் சுட்ட ஓடுகள் பட்டாசு மாதிரி வெடித்துப்போயின. மண்ணுக்குள் ஈரம். கார்த்திகையில் திறப்பு விழா. அதற்குள் ஓடுகள் வராவிட்டால் வெறும் சுண்ணாம்பு அடித்து முடித்துவிடுவோம் என்று கட்டடப் பொறுப்பாளர் சொல்லிவிட்டாராம்.

எங்கள் அடுப்பு வெள்ளனே எரிந்து, ரொட்டி இறங்கிய பிறகும் சாயங்காலம் வரை கதகதப்பாகக் கிடக்கும். அதில் வைத்து உலர்த்தினால் சூளைக்குத் தாங்கும் என்பது டீச்சரின் கணக்கு. "சும்மா போற சூடுதானேங்க, வச்சுக்கங்க" என்றார் என் கணவர்.

மறுநாள் ஓடுகள் வந்தன. உள்ளங்கை அகலம்தான். ஒன்றில் பேரிக்காய் இலை, நரம்பு நரம்பாக. இன்னொன்றில் பிளம்ஸ் கொத்து. வேறொன்றில் தோல் லேசாக உரிந்த மலைப்பூண்டு. தினமும் பஜாரில் காலில் மிதிபடுகிற பூண்டுத்தோல் இவ்வளவு அழகா என்று எனக்கு ஆச்சரியமாகப் போயிற்று. ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை.

"பூண்டையெல்லாமா டீச்சர் செவத்துல பதிப்பாங்க?" என்று கேட்டேன்.

"பிள்ளை பெத்தவளுக்கு அதைத்தானே குடுக்கறீங்க? உள்ள பயந்துண்டு உக்காந்திருக்கறவ இதைப் பாத்து ஒரு தடவை சிரிச்சாப் போறும் எனக்கு" என்றார். அந்த நிமிஷமே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. சுவரின் நடுப்பகுதிக்கான கடைசி ஓடுகள் வந்த நாளில்தான் வினை. என் கணவர் பிஸ்கட் போடும்போது, ஆணி பதித்த ஒரு மரக்கட்டையால் ஒவ்வொன்றையும் குத்தி, ஆவி போக வழி வைத்துத்தான் அடுப்பில் தள்ளுவார். தட்டைக் கண்டால் அவர் கை கட்டையைத் தேடும். டீச்சர் அந்த ஓடுகளை எங்கள் பிஸ்கட் தட்டுகளிலேயே குப்புற அடுக்கிவிட்டுப் போயிருந்தார். பாதி காய்ந்த மண், பார்வைக்கு மாவு போல வெளுத்திருந்தது. ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி ஏற்றி வந்த லாரி டிரைவரோடு இவருக்கு ஊர்ப்பட்ட பேச்சு. பேசிக்கொண்டே எல்லாத் தட்டையும் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டார்.

"ஏங்க, என்ன சோலி பாத்து வச்சிருக்கீங்க?" என்று நான் கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார். மனிதருக்கு முகம் செத்துவிட்டது. மத்தியானச் சோற்றைத் தொடவில்லை.

டீச்சர் வந்ததும் அவரே முன்னால் போய் நின்றார். "தப்பு எம்மேலதாங்க. புத்தி பேச்சுல கெடந்துச்சு, கை அதுபாட்டுக்குக் குத்திருச்சு."

டீச்சர் அப்படியே மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். திரும்பச் செய்ய நாளில்லை என்பது மூவருக்குமே தெரியும். அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. பிறகு ஓர் ஓட்டைக் கையில் எடுத்தார். கூரையில் வெளிச்சத்துக்காகப் பதித்த கண்ணாடி ஓட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். இலையின் நடுவே துளித் துளியாக வெளிச்சம் வந்தது. அப்படியும் இப்படியும் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

"இதுக்குப் பின்னாடி சுவரே வேண்டாம்" என்றார்.

அடுத்து நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்புதான். நேரே கட்டடத்துக்குப் போய், நடுப்பகுதிச் செங்கலை எடுத்துவிட்டுச் சட்டம் வைக்கச் சொன்னார். பொறுப்பாளர் குளிர்காற்று வரும் என்றார். வெளிப்பக்கம் கண்ணாடி போடுங்கள் என்றார் டீச்சர். பொறுப்பாளர் முணுமுணுத்தபோது ஓர் ஓட்டை ஜன்னலில் பிடித்துக் காட்டினாராம். பொறுப்பாளரே ஆளைக் கூப்பிட்டுச் செங்கலை எடுக்கச் சொல்லிவிட்டார். ஓடுகளுக்கு மெருகுப் பூச்சு பூசியதும் துளைகள் அடைத்துக்கொண்டன. டீச்சரும் நானும் உட்கார்ந்து, ஸ்வெட்டர் பின்னும் ஊசியால் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டோம். இந்த முறை சூளையில் ஒன்றுகூட வெடிக்கவில்லை.

திறப்பு விழா அன்று பார்த்து, எதிரில் நிற்பவர் தெரியாத மூடுபனி. சுவர் மங்கலாகக் கிடந்தது. "இதென்ன, ஓட்டை விழுந்த ஓடு?" என்று யாரோ சொன்னது எங்கள் காதில் விழுந்தது. என் கணவர் கதவோரம் ஒதுங்கி, "வெரசா வா, போயிருவோம்" என்றார். டீச்சர் மட்டும் அசையாமல் நின்றார்.

திடீரென்று பனி விலகியது. வெயில் அந்தச் சுவரில் விழுந்ததும் பச்சையும் நீலமுமாக ஓடுகள் மினுங்கின. கூடம் முழுக்கப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். பெஞ்சில் நிறைமாதப் பெண் ஒருத்தி இருந்தாள். தன் சேலையில் ஏதோ சிந்திவிட்டதென்று வயிற்றின்மேல் தட்டித் தட்டித் துடைத்தாள். துடைக்கத் துடைக்கப் போகவில்லை. நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள், பூண்டைப் பார்த்தாள், வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அப்போதுதான் டீச்சர் எங்கள் பக்கம் திரும்பினார். என் கணவரின் வெள்ளைச் சட்டையிலும் அந்தப் பொட்டுகள், அவருடைய கட்டையின் ஆணி வரிசை மாறாமல். இவர் குனிந்து பார்த்து, "நம்ம பிஸ்கட்டு" என்றார் மெதுவாக.

என் பிள்ளைகள் எல்லாரும் அந்த ஆஸ்பத்திரியில்தான் பிறந்தார்கள். ஒவ்வொரு முறையும் அந்தச் சுவருக்கு எதிரில்தான் காத்திருந்தேன். பயத்தோடு போய் உட்கார்ந்தாலும், பூண்டைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிடும். டீச்சர் பிறகு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். ஆனால் வீட்டில் எது கெட்டுப்போனாலும், தூக்கி எறியுமுன் அவரைப் போலவே ஒருமுறை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறேன்.