ஓடாத காருக்கு ஒரு டிரைவர்

கார் ஓட்டுகிறவர்கள் ஊரில் நிறைய. நிற்கிற காரைப் பார்த்துக்கொள்வது என் தொழில். கீழக்கரையில் ஏழு வீட்டுக் கார்கள் என் பொறுப்பு. வாங்கியவர்கள் வளைகுடாவில் இருப்பார்கள், வருஷத்தில் ஒரு மாதம் வருவார்கள். மிச்சப் பதினொரு மாதமும் பாட்டரி இறங்காமல் காக்க வேண்டும். உங்கள் வாசலிலும் அப்படி ஒரு கார் நின்றால் என் பாடு உங்களுக்குத் தெரியும்.

இங்கே எழுதுவதெல்லாம் ஒரே வீட்டில் நடந்தது. மகன் சாதிக் துபாயில். தாய் ஆயிஷாம்மாவும் மருமகள் சஃபியாவும் இங்கே. நான் வேலைக்குச் சேர்ந்தபோது சஃபியாவுக்கு ஐந்தாம் மாதம். பிரசவத்துக்கு ராமநாதபுரம் போக இந்தக் காரைத்தான் நம்பியிருந்தார்கள்.

பயான் கேட்ட பாட்டரி

முதல் நாள் சாவியைத் திருப்பினேன். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மீட்டரில் பத்தரை வோல்ட். பன்னிரண்டரை இருக்க வேண்டும். தினமும் அரை மணி நேரம் காரை ஓடவிடுவதாக ஆயிஷாம்மா சொன்னார். எப்படி என்று கேட்டேன். உட்கார்ந்து காட்டினார். சாவியைப் பாதி திருப்பி, பாட்டுப் பெட்டியில் மார்க்கச் சொற்பொழிவு, அதாவது பயான், போட்டுக் கேட்டிருக்கிறார். இஞ்சினை எழுப்பவே இல்லை.

"சத்தம் நல்லாத்தானே வந்துச்சு, அதான் ஓடுதுன்னு நெனச்சேன்" என்றார்.

காவல் கேமரா

பாட்டரியைக் கழற்றி ஒரு நாள் முழுக்கச் சார்ஜ் ஏற்றி மாட்டினேன். நான்கே நாளில் மறுபடி இறங்கிவிட்டது. தேடியதில், முன் கண்ணாடியில் சாதிக் மாட்டிய கேமரா, வண்டி நிற்கும்போதும் கரண்டைத் தின்றுகொண்டிருந்தது. போனில் சாதிக்கிடம் சொன்னேன். கழற்றட்டுமா என்று கேட்டேன்.

"அது மட்டும் இருக்கட்டும்ணே. அதுல இங்கேருந்தே நம்ம வீட்டு வாசல் தெரியுது."

வியாழக்கிழமை ஏர்வாடி

கேமரா தின்பதை ஈடுகட்ட, மூன்று நாளைக்கு ஒருமுறை காரை ஓட்டினேன். வியாழக்கிழமை ஏர்வாடி தர்கா வரை. போய்த் திரும்ப நாற்பத்தோரு நிமிஷம். மாமியாரும் மருமகளும் பின்னால் ஏறிக்கொள்வார்கள். எனக்குப் பெண்களிடம் பேச வராது. ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டினேன். ஏழாவது வாரம் சஃபியா மாமியாரிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"மாமி, டிரைவர் மாமாவவிட இண்டிகேட்டர் கூடப் பேசுது."

பதினான்கு அழைப்புகள்

பரமக்குடியில் தங்கை வீட்டுக் கல்யாணம். மூன்று நாள் வர முடியாது. பிரசவத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. கார் சும்மா நின்றால் கேமரா தின்றுவிடுமே என்று பாட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி வைத்தேன். சாதிக்குக்குப் போனில் எழுதி அனுப்பினேன். வீட்டில் சொல்லவில்லை. மதியம் பெண்கள் படுத்திருக்கும் நேரம், கதவைத் தட்டக் கூச்சம். வண்டிக்குச் செய்வதையெல்லாம் எழுதிவைக்கும் நோட்டில் மட்டும் வழக்கம்போல் குறித்து, ஸ்பேனரோடு காரின் முன் டிராயரில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் தாலி கட்டி முடிந்தபின் போனைப் பார்த்தால் ஆயிஷாம்மாவிடமிருந்து பதினான்கு அழைப்புகள். கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சாதிக்கின் போன் அணைந்திருந்தது. பந்திக்குப் போகாமல் மண்டப வாசலில் நின்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். பதினோராவது முறை ஆயிஷாம்மா எடுத்தார். வலி வந்து சஃபியாவைக் காரில் ஏற்றினால் காருக்கு உயிரே இல்லையாம். ஓட்ட வந்த எதிர்வீட்டு அஜீஸ் கையைப் பிசைந்து நிற்க, வலியோடு முன் சீட்டில் இருந்த சஃபியாதான் டிராயரைத் திறந்து நோட்டை வாசித்திருக்கிறாள். அஜீஸ் வயரை முடுக்கியதும் முதல் திருப்பிலேயே இஞ்சின் எழுந்துவிட்டது. இதையெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்தபடி நிதானமாகச் சொல்லிவிட்டு, கடைசியில் ஆயிஷாம்மா சொன்னார்:

"நோட்டுல எழுதுனத வாயால ஒரு வார்த்த சொல்லக்கூடாதாண்ணே? சரி, அல்ஹம்துலில்லாஹ், பொம்பளப்புள்ள. சாப்பிட்டுட்டு மெதுவா வாங்க, திரும்பிப் போக நீங்கதான் ஓட்டணும்."

இப்போதெல்லாம் வயரைக் கழற்றினால் வாசலில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்கிறேன். குழந்தை தூங்குகிறது என்று அதற்கும் திட்டிவிட்டு டீ கொடுக்கிறார்கள்.