எபோ அமிசா அழித்துக்கொண்டிருக்கிறார்

நேற்று எழுதியதில் பாதி போய்விட்டது. எபோ அமிசா இசைத்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஊதுகிறார். ரப்பர் தூள் பறந்து, பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கும் சோளக் கஞ்சியில் விழுகிறது. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, மிச்சமிருப்பதை உதடு அசையாமல் பாடிப் பார்க்கிறார். பிறகு இன்னும் இரண்டு சுரங்களை அழிக்கிறார்.

“எல்லாரும் எழுதிப் பேர் வாங்குவாங்க. இந்த மனுஷன் அழிச்சே பேர் வாங்கிட்டான்.” இது அவர் மனைவி எகுவா. விற்பதற்காக, புளித்த சோள மாவில் பிடித்த கெங்கே உருண்டைகளைச் சோளத் தோகையில் சுற்றிக்கொண்டே, வாங்க வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்லுவாள்.

ஆரம்பத்தில் அவர் இப்படி இல்லை. இளவயதில் சவ ஊர்வலங்களில் ட்ரம்பெட் வாசித்தவர். அவர் ஊதினால் செத்தவருக்கே கேட்கும் என்று அவர்களுடைய கடலோர ஊரான கேப் கோஸ்டில் பேச்சு. ஜெர்மனிக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து, கல்யாணங்களுக்கும் திருச்சபை விழாக்களுக்கும் மூச்சுவிட இடமில்லாத பாட்டுகளாக எழுதித் தள்ளினார். நாற்பதைத் தாண்டியதும் என்ன தோன்றியதோ, சுரங்களைக் குறைக்கத் தொடங்கினார். இன்று அவருடைய இசை என்றால் கொஞ்சம் குரல்கள், ஒரு செல்லோ, நடுவில் நீள நீளமான மௌனங்கள். ஒரு குரல் எழும்பி அடங்கும். அது போன திசையையே நாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வெளிநாட்டு அரங்குகளில் அதற்காக எழுந்து நின்று கைதட்டினார்கள். உள்ளூரில், சபைப் பாடகர் குழுவான கொயரின் மூத்த பாடகர் ஒருவர் கச்சேரி முடிந்ததும் கையைப் பிடித்துக் குலுக்கிச் சொன்னார்: “அருமை, மாஸ்டர். எப்ப ஆரம்பிச்சீங்கங்கிறதுதான் பிடிபடல.”

அதற்கெல்லாம் சிரித்துவிடுவார். மௌனத்தில் கை வைத்தால் மட்டும் மனுஷர் பொல்லாதவர். ஒருமுறை நடுவில் யாருடைய போனோ அடித்தது. அமிசா பாடகர்களை நடத்தும் கோலைத் தாழ்த்தி, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். போன்காரர் எழுந்து வெளியே போகும்வரை சுவரையே பார்த்து நின்றார். கோட்டுப் போடமாட்டார்; துணியைத் தோளோடு சுற்றி, தோல் செருப்போடுதான் மேடையேறுவார். ஊர்த்தலைவர் கச்சேரிக்கு வந்தபோது எல்லாரும் வழக்கப்படி மரியாதைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள், இவர் அசையவில்லை. “கீழ இறங்கினதும் கழட்டுறேன், பெரியவரே. மேடையில பாட்டுதான் பெரிசு” என்றார்.

எகுவாவின் பெருமை வேறு. மெதடிஸ்ட் சபையில் பிரசங்கத்தின் நடுவே எந்தப் பெண்ணுக்கு நெஞ்சு நிறைகிறதோ, அவள் இருந்த இடத்திலிருந்தே பாட்டெடுப்பாள். மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள், போதகர் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். அதில் எகுவாவை மிஞ்ச ஆளில்லை. பேராயரையே ஒருமுறை பாதியில் நிறுத்தினாள். விட்ட இடம் அவருக்குக் கடைசிவரை அகப்படவில்லை. அப்படிப்பட்டவள், கணவரின் கச்சேரிக்குக் கஞ்சி போட்ட துணி உடுத்தி வருவாள், பாடகர்களுக்கு இஞ்சித் தண்ணீர் கொடுப்பாள், கைதட்டுவாள், வீடு திரும்புவாள். அவ்வளவுதான்.

“என் பாட்டுல உனக்கு ஒண்ணுமே வரலையா?” என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

“வந்தா எடுக்கமாட்டேனா, எபோ? வராததை எடுத்தா அது பொய்யாயிடும்.”

வெளிநாட்டுக் கைதட்டல் அத்தனையும் அந்த ஒரு பதிலில் ஒன்றுமில்லாமல் போயிற்று. மௌனத்தைக் கலைத்தால் பொறுக்காத மனுஷருக்கு, இவள் ஒருத்தி கலைக்கமாட்டாளா என்று ஏக்கம்.

போன மீன் பருவத்தில் எகுவாவின் தம்பி குவாமெனா போன படகு திரும்பவில்லை. பெண்கள் கரையில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். எகுவாவுக்குப் பின்னால் அமிசா நின்றிருந்தார். அன்றோடு அவள் தம்பியின் பேரைச் சொல்வதை விட்டாள். சபையில் பாட்டெடுப்பதையும் விட்டாள். கெங்கே வாங்க வருகிறவர்களிடம் கேலி பேசுவது மட்டும் நிற்கவில்லை. அதைக் கேட்கத்தான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. தன் பாட்டு அவளுக்குப் பிடிக்கிறதா என்ற கவலையெல்லாம் போய்விட்டது. எந்தப் பாட்டானாலும் சரி, அவள் வாய் திறந்தால் போதும்.

அந்தக் கரையைத்தான் மாதக்கணக்கில் எழுதினார், அழித்தார். கடைசியில் தேறியது இவ்வளவு: கொயர் கூப்பிடும், நிற்கும், இன்னும் தணிந்து கூப்பிடும், இன்னும் நேரம் நிற்கும்.

ஒத்திகையில் ஒரு பாடகன் கேட்டான்: “மாஸ்டர், இந்த இடத்துல எவ்வளவு எண்ணணும்?”

“எண்ணாதப்பா. பதில் வருதான்னு கேளு.”

ஈஸ்டர் கழிந்த சனிக்கிழமை சாயங்காலம் சபை மண்டபத்தில் கச்சேரி. எகுவா மூன்றாவது வரிசையில் இருந்தாள். கொயர் கூப்பிட்டது, நின்றது. ஜன்னல் வழியே கடல் மட்டும் கேட்டது. தணிந்து கூப்பிட்டது. அமிசாவின் கை அந்தரத்தில் நின்றது.

அந்த மௌனத்துக்குள் ஒரு குரல் கிளம்பியது: “குவாமெனா, கேக்குதா…”

எகுவா பாட்டெடுத்துவிட்டாள். முதலில் தடுமாறியது. பிறகு, பேராயரை நிறுத்திய அதே முழுக் குரல். பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். மாஸ்டர் சுவர்ப்பக்கம் திரும்பப்போகிறார் என்று எல்லாக் கண்களும் அவர்மேல்.

அமிசா கோலைக் கீழே வைத்தார். இன்னும் இரண்டு பக்கம் பாக்கியிருந்த இசைத்தாளை மூடினார். மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பி, மேடையிலேயே, ஒவ்வொரு காலாகச் செருப்பிலிருந்து எடுத்து வெறுந்தரையில் வைத்தார்.