தலையணை திங்கட்கிழமையே போய்விட்டது

புள்ளியியல் படித்து முடித்த கையோடு மந்தாரக்குப்பத்தில், பன்னிரண்டே கட்டில் உள்ள ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த வேகத்தில் கம்ப்யூட்டரில் ஓர் அட்டவணை போட்டேன். என்ன ஆபரேஷன், என்ன வயது, சர்க்கரை உண்டா என்று தட்டினால், நோயாளி வீட்டுக்குப் போகும் நாள் வந்து விழும். சிலருக்குப் புண் ஆறத் தாமதமாகும் இல்லையா, அதற்கும் ஒரு நாள் கூட்டி வைத்திருந்தேன்.

அதை நம்பித்தான், குடலிறக்க ஆபரேஷனுக்குக் காத்திருந்த ஒரு சுரங்கக் கான்ட்ராக்ட் தொழிலாளியிடம், "செவ்வாய்க்கிழமை வந்துடுங்கண்ணே, ஏழாம் நம்பர் கட்டில் உங்களுக்கு" என்று வாக்குக் கொடுத்தேன். மயக்க மருந்து டாக்டர் கடலூரிலிருந்து புதன்கிழமை மட்டும்தான் வருவார். இந்த வாரம் தவறினால் மறுபடி லீவு கிடையாது என்று தொழிலாளியின் மேஸ்திரி கறாராகச் சொல்லியிருந்தார்.

செவ்வாய் காலை அவர் பையோடு வந்து நின்றார். ஏழாம் கட்டிலில் இருந்தவர் சுரங்க நகரியத்துக்காரர், பெர்மனென்ட் வேலை. அப்பெண்டிக்ஸ் தையல் காய்ந்து, நாலாவது இட்லி கேட்கும் அளவுக்குத் தேறியிருந்தார். அட்டவணை பிசகவே இல்லை. ஆள்தான் கிளம்பவில்லை.

"செவ்வாக்கிழமை ஆஸ்பத்திரியில இருந்து யாராவது வீட்டுக்குப் போவாங்களா தம்பி? மறுபடி கொண்டாந்து விட்டுரும்" என்றார் அவர் மனைவி.

"காயம் ஆறிடுச்சுக்கா."

"காயத்துக்குக் கிழமை தெரியாது. எனக்குத் தெரியும்ல?"

பழைய டிஸ்சார்ஜ் பதிவேட்டில் செவ்வாய்க்கிழமைகள் எல்லாம் காலியாகக் கிடந்ததை நான் பார்த்திருந்தேன். எழுத மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, சராசரியைப் போட்டு நானே நிரப்பியிருந்தேன்!

தொழிலாளி பையைக் கீழே வைத்தார். "எக்கா, நல்ல நாள்ல ஒரு சாமானை முன்னாடி அனுப்பிட்டா, அன்னிக்கே கெளம்புன மாதிரிதானே?"

"அது நேத்தே அனுப்பியிருக்கணும்."

"நேத்து இங்கேர்ந்து உங்க வூட்டுக்கு ஒண்ணுமே போவலியா?"

அந்த அம்மா யோசித்தார். "இவரு தலையணை போச்சு. கொழுந்தன் பர்ஸ்ட் ஷிப்ட் முடிஞ்சு வந்து எடுத்துட்டுப் போனாரு."

"தலாணியே போயிடுச்சு. தல மட்டும் இங்க என்னாத்துக்குக் குந்திக்கினு இருக்குது?"

"திங்கக்கிழமை... ராகுகாலம் காலையிலயே முடிஞ்சிருக்கும்..." என்று முணுமுணுத்தபடி அந்த அம்மா பிளாஸ்க்கைக் கூடைக்குள் வைத்தார். கணவர் சட்டையைத் தேடினார்.

அவர்கள் வாசலைத் தாண்டும் முன்பே தொழிலாளி கட்டிலில் ஏறிவிட்டார்.

"யோவ், எறங்குய்யா, பெட்ஷீட் மாத்தணும்" என்று நர்ஸ் கத்தினார்.

"மாத்துங்க சிஸ்டர், நான் ஓரமா குந்திக்கினு இருக்கேன். எறங்க மட்டும் சொல்லாதீங்க."