கலாவின் நம்பருக்கு வந்த கோட்

ஹட்டன் டவுனில் எங்கள் ஆபிஸ் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது. காலையில் கதவைத் திறந்தால் முதலில் சூடான பாண் வாசனை. அதற்குப் பின்னாலேயே ஈரச்சுவரின் பூஞ்சை வாசனை...

அந்த அறையில் நாங்கள் மூன்று பேர். பொறுப்பாளர் ஆனந்தன் சேர், கலா, நான். தேயிலைத் தோட்டங்களில் உட்கார, நடக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கும் சின்னத் தொண்டு நிறுவனம். மாதம் ஒரு முறை கண்டியிலிருந்து தெரபி மிஸ் வருவார். பிள்ளைகள் எப்படித் தேறுகிறார்கள் என்று நாங்கள் எடுத்து வைத்த வீடியோக்களைப் பார்த்துத்தான் அடுத்த பயிற்சியைச் சொல்லுவார்.

எல்லாமே ஒரே ஒரு பழைய கம்பியூட்டரில் இருந்தது. ஈரத்துக்கு அது அடிக்கடி படுத்துவிடும். ஒரு மழைக்காலத்தில் பாதி வீடியோக்கள் போயே போய்விட்டன.

அந்த நேரத்தில்தான் நுவரெலியாவில் தொண்டு நிறுவனங்களுக்கென்று ஒரு கிளவுட் பயிற்சி நடந்தது. கலாவும் நானும் போனோம். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வகுப்பெடுத்தார்.

“உங்கட ஃபைல் எல்லாம் இனி உங்கட கந்தோருக்குள்ள இருக்காது. வேற இடத்தில இருக்கிற பெரிய கொம்பியூட்டருகளில இருக்கும். இன்டர்நெட் இருந்தா எங்க இருந்தும் திறக்கலாம். உங்கட கொம்பியூட்டர் பழுதானாலும் ஒண்டும் போகாது.”

கலா கையைத் தூக்கினாள். “அப்ப எங்க ஆபிஸ் ஒழுகினாலும் பரவால்லங்களா சேர்?”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நிஜமாகத்தான் கேட்டாள்.

ஊர் திரும்பியதும் அவளே உட்கார்ந்து கணக்கைத் திறந்தாள். ஒரு மொபைல் நம்பர் கேட்டது. ஆபிஸுக்கு மொபைல் கிடையாது.

“இப்போதைக்கு என் நம்பரப் போடுறேன் சேர். பொறகு மாத்திக்கலாம்.”

பிறகு யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை. வேலை நன்றாக நடந்துகொண்டிருந்தது... வீடியோக்களை ஏற்றுவதற்காகவே கலா சிக்னல் தேடி ஃபேக்டரி மேட்டுக்கு ஏறுவாள். தர்ஷி என்று ஒரு குட்டிப் பெண். சுவரைப் பிடித்து அவள் முதன்முதலாக எழுந்து நின்றதை, அன்று மாலையே கண்டியில் இருந்தபடி மிஸ் பார்த்துவிட்டு ஃபோன் பண்ணினார். கலா ஆபிஸ் முழுக்கக் குதித்தாள்.

அடுத்த வருஷம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

அவள் போன கொஞ்ச நாளில் அந்தப் பழைய கம்பியூட்டரும் ஒரேயடியாக நின்றுபோனது. இன்னொன்று வாங்கி வைத்தோம். பாஸ்வேர்ட் எங்களுக்குத் தெரியும். ஆனால் புது கம்பியூட்டர் என்பதால் இன்னொரு பூட்டு இருந்தது. ‘உங்கள் நம்பருக்கு ஒரு கோட் அனுப்பியிருக்கிறோம்’ என்று காட்டியது. நம்பரின் கடைசி எண்கள் மட்டும் தெரிந்தன.

அது கலாவின் நம்பர்.

அந்த வாரம் மிஸ் வர வேண்டும். பிள்ளைகளின் விவரம் ஒன்றும் கையில் இல்லை. அந்த நம்பருக்கே அழைத்து, கலாவின் அம்மாவிடம் கோட் கேட்டிருக்கலாம்தான். மனசு வரவில்லை.

“நீ நேர்ல போய்ட்டு வாம்மா. எனக்கு அந்த வீட்டு வாசல்ல நின்னு பேச வராது” என்றார் ஆனந்தன் சேர்.

தலவாக்கலைக்கு பஸ் ஏறி, அங்கிருந்து ஆட்டோவில் போனேன். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கலாவின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே அவள் படம். படத்துக்குக் கீழே அவள் ஃபோன், சார்ஜில்.

“ஆஃப் பண்ண மனசு வரல புள்ள. தெரியாதவங்க யாராச்சும் கோல் எடுக்கிறாங்க. நாந்தான் சொல்றேன், எம்புள்ள இல்லப்பான்னு” என்றார் அம்மா.

பிளேன் டீ கொடுத்தார். குடித்து முடித்துத்தான் வந்த விஷயத்தைச் சொன்னேன். டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு, “அவ வேலை தானே... எடு” என்றார்.

ஆபிஸில் இருந்த சேருக்கு என் ஃபோனிலிருந்து சொன்னேன். அவர் பட்டனை அழுத்தினார்.

கலாவின் ஃபோன் ஒலித்தது. அவள் வைத்திருந்த அதே குருவிச் சத்தம்.

“கலாவுக்கு மெசேஜ் வந்திருக்கு!” என்று அம்மா சட்டென்று எழுந்துவிட்டார். எழுந்தபிறகு அப்படியே நின்றார்...

பூட்டிய திரையிலேயே எண்கள் தெரிந்தன. வாசித்துச் சொன்னேன்.

“தொறந்துருச்சும்மா. எல்லாம் இருக்கு. கடைசியா அவ ஏத்துன தர்ஷி வீடியோ வரைக்கும் இருக்கு.” சேர் அடுத்துக் கேட்டார். “நம்பர இப்பவே மாத்திரவா?”

அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாத்துங்க சேர்.”

கிளம்பும்போது அம்மா கேட்டார். “இனி ஆபிஸ்ல இருந்து இந்த ஃபோனுக்கு ஒன்னும் வராதா புள்ள?”

“வராதும்மா.”

அவர் தலையை ஆட்டினார். ஃபோனை எடுத்து, முந்தானையால் துடைத்து, மறுபடி படத்துக்குக் கீழே வைத்தார்.

அந்த வாரம் மிஸ் வந்தார். வேலை நிற்கவில்லை. தர்ஷி இப்போது ஸ்கூலுக்கு நடந்து போகிறாள்.

நான் இன்று வேறொரு நிறுவனத்தில் இருக்கிறேன். கிளவுட் பற்றி மற்றவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். ஒரே ஆளின் பெயரில் கணக்குத் திறக்காதீர்கள், இரண்டு பேர் நம்பராவது இருக்கட்டும், ஒருவர் விலகினால் அன்றைக்கே மாற்றுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். போன வாரம் ஒரு பிள்ளை, “ஏன் அக்கா இதையே திரும்பத் திரும்பச் சொல்றீங்க?” என்று கேட்டாள்.

“அதுதான் ரூல்” என்றேன்.

இப்போதெல்லாம் ஒருவர் போனால், இருந்த இடத்திலிருந்தே அவர் பெயரை எடுத்துவிடுகிறோம். ஒரு நிமிஷ வேலை. நல்லதுதான்... அதற்காக யாரும் பஸ் ஏறி யார் வீட்டுக்கும் போக வேண்டியதில்லை.