பாஸ் என்றால் ஓரடி

'பாஸ்' என்ற சொல்லை இன்று எதற்கெல்லாம் இழுக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். பதினொன்று வரை வந்து சலித்துப்போய் விட்டுவிட்டேன். நான் படித்த காலத்தில் நான்குதான். பரீட்சையில் தேறுவது. சுங்கச் சாவடியில் சரக்கோடு காட்டும் சீட்டு. ஆரல்வாய்மொழியில் மலை விட்டுக்கொடுக்கும் இடைவெளி. நான்காவது, சும்மா கடந்துபோவது. எல்லாவற்றுக்கும் மூலம் லத்தீன் என்றும், அங்கே அதற்கு 'ஓரடி வைத்தல்' என்றுதான் பொருள் என்றும் எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் சொன்னார்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியை அடிகளாக எண்ணத் தொடங்கினேன். கோயில் தெரு வழியாக முந்நூற்றுப் பன்னிரண்டு அடி. வயல் வரப்பில் சுற்றிப்போனால் அதைப்போல் ஆறு மடங்கு. தெருவில் நான் போனேன். என் அத்தை மகன் வரப்பில் போனான். இருவரும் ஒரே சாதி, ஒரே வகுப்பு. நாங்கள் பாதிரிமார் காலத்திலேயே வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேர்ந்த குடும்பம். அத்தை வாழ்க்கைப்பட்ட வீட்டார் அய்யாவழி, நெற்றியில் திருமண்ணால் நாமம் இடுகிறவர்கள். வேதக்காரன் நடந்தால் தெருவுக்குத் தீட்டில்லையாம், நாமம் இட்டவன் நடந்தால் உண்டாம். இந்தக் கணக்கு மட்டும் எனக்கு இன்றுவரை வரவில்லை.

கடைசிப் பரீட்சையன்று, முந்தின நாள் மழையில் வரப்பு உடைந்து கிடந்தது. பரீட்சை தொடங்க அரை மணிகூட இல்லை. என்னோடு தெருவழியே வந்த அத்தை மகனைத் தெருமுனையில் காவல்காரக் கிழவர் வழிமறித்தார். இரக்கம் இல்லாதவர் அல்ல.

"ஏலே, நெத்தியத் தொடச்சிட்டு இவன்கூடப் போ. வேதக்காரப் பயன்னு நெனச்சுக்கிடுவாவ. நான் பாக்கல்ல."

"தொடைக்க மாட்டேன்," என்றான் அத்தை மகன்.

"ஒரு விரலு தண்ணியில போற காரியம். அதுக்காவ ஒரு வருசத்தத் தொலைப்பியா?"

"தொலைக்க மாட்டேன். பரீட்சையும் எழுதுவேன்."

"பின்ன பறந்தா போவ?"

அவன் சட்டையைக் கழற்றினான். பேனா, மைக்கூடு, திருமண் வைத்திருந்த சிறு துணிப்பை எல்லாவற்றையும் அதில் சுருட்டி என் கையில் தந்தான்.

"நீ தெருவுல போ மக்கா. நனையாமக் கொண்டு வா."

தெருவை ஒட்டியே பெரிய குளம். எருமைகள் குளிக்கும் தண்ணீருக்குக் காவல் இல்லை. அவன் இறங்கி நீந்தினான். நான் தெருவில் ஓடினேன், அன்று அடிகளை எண்ணவில்லை.

பள்ளிக்கூடத்துப் பக்கம் கரையேறினான். முழங்கால் வரை சேறு, காதில் பாசி. நெற்றி வெறுமையாக இருந்தது. சட்டையை நீட்டினேன். அவன் துணிப்பையைத்தான் முதலில் வாங்கினான். உள்ளே முதல் மணி அடித்தது.

"போட்டு முடிப்பியா? நேரமாச்சு," என்றேன்.

"நேரா இருக்கா பாரு."

நாமம் வலப்பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தது. சொன்னேன். முழுவதும் அழித்து, நெற்றியின் ஈரத்தை என் துண்டில் ஒற்றிவிட்டு, மேல்நோக்கி மறுபடி ஒரே கோடாக இழுத்தான். அதற்குப் பிறகுதான் சட்டையை மாட்டினான். இரண்டாம் மணி முடிவதற்குள் இருவரும் உள்ளே போய் உட்கார்ந்தோம்.