ரிவால்வருக்கு ஒரு பெட்டகம்

ஓய்வு பெற்ற பிறகு என் கணவருக்குப் பழைய இயந்திரங்களின் மேல் பைத்தியம் பிடித்தது. முதலில் மணிக்கூடுகள். பிறகு தையல் மெஷின்கள். கராஜுக்குள் நான்கு நிற்கின்றன; ஒன்றில்கூட ஒரு தலையணை உறை தைக்க முடியாது. கார் வெளியே மழையில் நனைகிறது. இத்தோடு விட்டாரே என்று நான் ஆறுதல்பட்டுக்கொண்டிருந்தபோதுதான், ஒரு சனிக்கிழமை காலை தோசையைப் பிய்த்துக்கொண்டே, ஒரு பழைய ரிவால்வர் வாங்கப்போவதாகச் சொன்னார்.

"சுடுறதுக்கில்லை. சும்மா வச்சிருக்க."

"சும்மா வச்சிருக்கிற சாமான்தானே வீடு முழுக்கக் கிடக்கு."

மகள் போனில் இருந்து தலையைத் தூக்காமல், "டாட்ஸ் ஹேவிங் எ மிட்லைஃப் கிரைசிஸ்" என்றாள். அந்த வயதை அவர் எப்போதோ தாண்டிவிட்டார் என்று நான் திருத்தினேன். அவர் சிரித்தார். இந்த மனுசனோடு சண்டை பிடிப்பதில் உள்ள பெரிய சிக்கலே, அவர் சிரித்துவிடுவார் என்பதுதான்.

நாங்கள் இருக்கும் ரானுயியில் இருந்து நகரத்தின் தெற்கே இருக்கும் ஒனிஹங்காவுக்குக் கார் போனது. தொழிற்சாலைகளுக்குப் பின்னால், பெயர்ப் பலகை இல்லாத ஒரு கடை. கடைக்காரர் ரிவால்வரை எடுத்து ஒரு பச்சைத் துணியின் மேல் வைத்தார். நூறு வருடம் பழையதாம். கைபட்டுக் கைபட்டு மினுங்கியது. என் கணவர் கோயிலுக்குள் நிற்பவர் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இது டபுள் ஆக்‌ஷன். விசையை இழுத்தாப் போதும். சுத்தியல் தானாப் பின்னுக்குப் போகும், உருளை தானாச் சுத்தும், பிறகு சுத்தியல் தானா விழும். எல்லாம் ஒரே இழுவையில. என்ன மூளை பாருமன்!"

"எங்கட கிரைண்டரும் ஒருகாலம் தானாத்தான் சுத்தினது. பழுதாப்போய்க் கிடக்கு. முதல்ல அதைத் திருத்தித் தாங்கோ."

கடைக்காரர் குண்டு இல்லை என்று காட்டிவிட்டு, சுவரைப் பார்த்து விசையை இழுத்தார். உருளை சுற்றியது. டிக். அவ்வளவுதான் சத்தம். காற்று வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து காரில் இருந்தேன். அந்தச் சாமான் நான் படுக்கிற வீட்டுக்குள் வரக்கூடாது. எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். ஆனால் அவர் திரும்பி வந்தபோது, ஒரு பரிசு வென்ற பிள்ளையின் முகத்தோடு வந்தார். காசு கட்டியாயிற்று, அனுமதி கிடைக்கும் வரை கடைக்காரரே வைத்திருப்பார் என்றார். நான் போகிற வழியில் சான்ட்ரிங்ஹாம் கடைத்தெருவில் நிறுத்தி உளுந்து வாங்க வேண்டும் என்றேன்.

அதன் பிறகு தொடங்கியது அலைச்சல். வகுப்பு, சோதனை, படிவம், நற்சாட்சி சொல்ல ஆட்கள். சேகரிப்பவருக்கான அனுமதி என்றால் அதைச் சுடக்கூடாதாம். முழுதாகவும் வைத்திருக்கக்கூடாது, ஒரு பாகத்தைக் கழற்றி வேறு இடத்தில் ஒளித்து வைக்க வேண்டும். சுடவும் கூடாது, முழுதாகப் பார்க்கவும் கூடாது என்றால் ஒரு படத்தை வாங்கிச் சுவரில் மாட்டினால் என்ன என்று கேட்டேன். உமக்கு விளங்காது என்றார். உண்மைதான், எனக்கு விளங்கவில்லை.

பிறகு பெட்டகம் வந்தது. இரும்புப் பெட்டகம். எங்கள் படுக்கையறை அலுமாரிக்குள் சுவரோடு போல்ட் அடித்துப் பூட்டினார்கள். என் சேலைகள் கட்டிலுக்குக் கீழே போயின. அனுமதி வரும் வழியைக் காணவில்லை. பெட்டகம் மாதக்கணக்கில் வெறுமையாக வாயை மூடிக்கொண்டு நின்றது. நல்ல இரும்பு, நல்ல பூட்டு. எந்தத் தமிழ்ப் பெண் சும்மா விடுவாள்? என் தாலிக்கொடியை, காப்புகளை, பாஸ்போர்ட்டுகளை, மகளின் சாதகத்தை எல்லாம் உள்ளே வைத்துப் பூட்டி, திறப்பை என் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டேன். வீட்டுத் திறப்புகள் எல்லாம் என்னிடம்தான். அவரிடம் கொடுத்தால் கார்த் திறப்பே பிரிட்ஜுக்குள் கிடக்கும்.

ஒருநாள் அனுமதி அலுவலகத்தில் இருந்து அதிகாரி வந்தார். தலை நரைத்த வெள்ளைக்காரப் பெண்மணி. சொல்லாமலேயே சப்பாத்தை வாசலில் கழற்றினார், வடையும் சாப்பிட்டார். எனக்குப் பிடித்துவிட்டது. கணவரோடு கதைத்து முடித்த பிறகு என்னைத் தனியாகக் குசினிக்குள் இருத்தி, ஆங்கிலத்தில் கேட்டார்: "இந்தத் துப்பாக்கி வீட்டுக்குள் இருப்பதில் உங்களுக்குச் சம்மதமா?"

ஓம், ஒரு பிரச்சினையும் இல்லை என்றேன். வீட்டுக்கு வந்தவர் வடைத் தட்டோடு இருக்கும்போது கட்டினவனின் காலை வாரிவிட முடியுமா? எங்கள் ஆட்களில் எந்தப் பெண்ணும் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

அடுத்தது பெட்டகம் பார்க்கும் படலம். அறைக்குள் இருந்து அவருடைய குரல் வந்தது.

"இஞ்சேரும், அந்தத் திறப்பை ஒருக்காக் கொண்டு வாரும்!"

நான் கொத்தைக் குலுக்கிக்கொண்டு போய், நானே திறந்தும் விட்டேன். உள்ளே என் நகைப் பெட்டிகள். அதிகாரி நகையைப் பார்த்தார், கொத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அனுமதி பெறுபவரைத் தவிர வேறு யாரும் அதைத் திறக்கக்கூடாதாம். திறப்பு மனைவியின் கைக்கு எட்டவே கூடாதாம். சரிசெய்யுங்கள், இன்னொரு முறை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"மானத்தை வாங்கிப்போட்டீர்."

"என்னட்டத் திறப்பைக் கேட்டது ஆர்? ஒரு திறப்பாவது உங்கட கையில நாலு நாள் இருந்திருக்கே?"

நகைகள் அரிசி வாளிக்குள் போயின. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. ஆனால் வாளிக்குள் கைவிட்டுக்கொண்டிருந்தபோதும், மறுநாள் உடுப்பு மடித்தபோதும், அந்தப் பெண்மணியின் கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. சண்டைக் காலத்தில், ஊரில் எங்கள் வீட்டுக்குள் எத்தனை துப்பாக்கிகள் வந்து போயின. ஆமி கொண்டு வந்தான். இயக்கப் பெடியள் கொண்டு வந்தார்கள். திரும்ப ஆமி வந்தான். கட்டிலைப் புரட்டினார்கள், அலுமாரியைக் கிளறினார்கள், ஒருவன் துப்பாக்கியை என் தம்பியின் நெற்றியில் வைத்து, குண்டில்லாமல் விசையை ஒருதரம் இழுத்துக் காட்டிச் சிரித்தான். கொண்டு வரலாமா என்று வாசலில் நின்று ஒருவரும் கேட்டதில்லை. முதல் முறையாக ஒரு ஆள் கேட்டிருக்கிறார். நான் மரியாதைக்குப் பொய் சொல்லி அனுப்பியிருக்கிறேன். என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

அதிகாரி மீண்டும் வந்தார். திறப்பு இப்போது கணவரின் கழுத்தில் கயிற்றில் தொங்கியது. பெட்டகம் வெறுமை. எல்லாம் திருப்தி. போகும் முன்பு, கடமைக்காக, குசினி வாசலில் நின்று அதே கேள்வியைக் கேட்டார்.

"இல்லை. எனக்குச் சம்மதமில்லை" என்றேன். திரும்பவும் சொன்னேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. நன்றி சொல்லி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார். கதவு சாத்திய பிறகுதான் என் கணவர் கூடத்தில் இருந்து எழும்பி வந்தார். அவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. இந்தமுறை சிரிக்கவில்லை.

"இவ்வளவு நாளும் காசு, தூசி, கிரைண்டர் எண்டு என்னென்னவோ சொன்னீர். பயமாயிருக்கெண்டு ஒருக்காச் சொல்லியிருந்தா நான் அண்டைக்கே விட்டிருப்பனே. என்னட்டச் சொல்லாம, ஆரோ ஒரு மனுசிட்டச் சொல்லுறீர்."

"அந்த மனுசிதான் கேட்டவ" என்றேன்.