ரப்பர் உடுப்பில் போட்ட பட்டுத் தையல்

ஆரணியில் சைக்கிள் கடை வைத்திருந்தவனிடம் ஜனங்கள் எதைத்தான் கொண்டுவரமாட்டார்கள்? பம்பு ஸ்டவ், குழந்தை வண்டி, மருத்துவச்சியின் வெந்நீர்ப் பை. காற்றோ தண்ணீரோ, எது ஒழுகினாலும் என் கடைக்குத்தான் வரும். ஆனால் கடலுக்குள் முழுகுகிற உடுப்பைக் கொண்டுவந்தவன் என் மச்சான் ஒருத்தன்தான். எண்பதுகளின் ஆரம்பம் அது.

மச்சான் என்றால் என் சம்சாரத்தின் தம்பி. தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. கடற்படையில் சேர்ந்து முழுகக் கற்றுக்கொண்டான், பிறகு வெளிநாட்டுக் கப்பலில் வேலைக்குப் போய்விட்டான். கப்பலுக்கு அடியில் போய் ரிப்பேர் பார்க்கிற வேலை. அந்தக் கடல் ஐஸ் தண்ணீராம். அதனால்தான் இந்த உடுப்பு: கழுத்திலிருந்து கால்வரை ஒரே கறுப்பு ரப்பர், கழுத்தையும் மணிக்கட்டையும் இறுக்கிப் பிடிக்கிற ரப்பர்ப் பட்டை, முதுகில் இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள்வரைக்கும் பித்தளைப் பல் வைத்த ஜிப்பு. உள்ளே ஒரு சொட்டு போகக்கூடாது. இவன் உடுப்பில் போனது.

"முதுகுல சில்லுனு இறங்குது மாமா. அரை மணியில விரல் மரத்துப்போயி ஸ்பேனர் புடிக்க முடியல. மேஸ்திரி சொல்லிட்டாரு, நல்ல உடுப்போட வந்தா தண்ணிக்குள்ள போ, இல்லனா மேல நின்னு அடுத்தவனுக்குக் கயிறு புடின்னு."

தண்ணீருக்கு அடியில் போவதைப் பற்றிப் பேசும்போது அவன் முகத்தைப் பார்க்கவேண்டும். கயிறு பிடிக்கச் சொன்னால் அவன் உள்ளுக்குள் செத்துப்போவான் என்று எனக்குத் தெரிந்தது. அன்று திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை அவன் கிளம்பவேண்டும்.

பஞ்சர் பார்க்கிற மாதிரிதான் ஆரம்பித்தேன். கழுத்து ஓட்டையில் எவர்சில்வர் குடத்தைச் சொருகி, இரண்டு கையிலும் சோடா பாட்டிலை வைத்துக் கட்டி, மார்பில் இருந்த வால்வு வழியாகப் பம்பால் காற்றடித்தேன். உடுப்பு உப்பிக்கொண்டு கடை வாசலில் மல்லாந்து படுத்தது. எதிர் டீக்கடைக்காரர் எட்டிப்பார்த்தார்.

"யாருப்பா இது, கல்யாண வீட்டுல சாப்பிட்டுட்டு வந்து படுத்துகினு இருக்காரு?"

"தலைக்குப் பதிலா குடம் இருக்குது பாரு, நம்ம ஊர் ஆளுதான்" என்றார் டீ குடித்துக்கொண்டிருந்தவர்.

சோப்புத் தண்ணீர் தடவினேன். இடது தோள் பக்கம், ஜிப்பு முடிகிற இடத்தில் குமிழி வந்தது. ஜிப்போடு சேர்ந்த துணிப்பட்டை நாலு விரல் நீளத்துக்கு ரப்பரை விட்டு எழும்பியிருந்தது. ஒட்டிவிடலாம். ஆனால் என்னிடம் இருந்த சொல்யூஷன் பழசு, கட்டி தட்டியிருந்தது. மறுநாள் புதுசு வாங்க வேலூருக்கு பஸ் ஏறினேன்.

திரும்பி வந்தபோது என் சம்சாரம் முகமெல்லாம் சிரிப்பாக நின்றிருந்தாள்.

"இன்னாங்க, நூல் எங்கருக்குதுன்னு கண்டுபுடிங்க பார்ப்போம்."

பட்டை எழும்பின இடத்தை முறுக்குப் பட்டு நூலால் தைத்து வைத்திருந்தாள்! தறியில் அறுந்த இழையை அவள் பிணைத்தால் பிணைத்த இடம் யார் கண்ணுக்கும் தெரியாது. அவர்கள் வீட்டில் எது விட்டுப்போனாலும் நூலைத்தான் எடுப்பார்கள். ஊசி கூடாது என்று அவளிடம் முன்கூட்டியே சொல்ல எனக்கும் மச்சானுக்கும் தோன்றவில்லை.

மச்சான் பார்த்துவிட்டு, "அக்கா, ஊசியா போட்ட?" என்று மட்டும் கேட்டான்.

காற்றடித்துச் சோப்புத் தண்ணீர் தடவினேன். முன்னே ஓர் இடத்தில் வந்த குமிழி இப்போது ஒவ்வொரு ஊசித் துளையிலும் வரிசையாக வந்தது. "முத்துமாலை கணக்கா எவ்ளோ அழகா வருது" என்றார் டீக்கடைக்காரர். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். இவள் விருட்டென்று உள்ளே போய்விட்டாள். ராத்திரிச் சோற்றைத் தொடவில்லை. "என் கையாலயே தம்பி பொழப்புல ஓட்டை போட்டுட்டனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

தையலைப் பிரித்தால் துளை பெரிசாகும். அதனால் நூலை அப்படியே விட்டேன். பெட்ரோலில் இளக்கின சொல்யூஷனை நூலுக்குள் ஊறவிட்டு, ரப்பரை அரத்தால் தேய்த்து, சைக்கிள் ட்யூபில் மெல்லிசாக வெட்டின பட்டையை உள்ளே ஒன்று வெளியே ஒன்று ஒட்டினேன். அழுத்திப் பிடித்தது அவள்தான். கட்டைவிரல் வெளுத்துப்போகிறவரைக்கும் விடவில்லை. அப்புறம் அம்மிக்கல்லைத் தூக்கி மேலே வைத்தாள். ஜிப்புப் பல்லுக்குத் தேன்மெழுகு தேய்த்தேன். புதன் சாயங்காலம் பார்த்தபோது ஒரு குமிழியும் இல்லை.

மச்சானுக்கு மனசு ஆறவில்லை. "காத்து வேற, தண்ணி வேற மாமா."

வியாழன் காலையில் முள்ளிப்பட்டில் சொந்தக்காரர் கிணற்றுக்குப் போனோம். இவள் வெள்ளைப் பட்டுத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து அவன் முதுகோடு சேர்த்துக் கட்டினாள். "ஒரு சொட்டு பட்டா போதும், பட்டு காட்டிக் குடுத்துடும்" என்றாள். மேலே உடுப்பை மாட்டி, ஜிப்பை இழுத்து, முழுகுவதற்காக இடுப்பில் அஞ்சு கிலோ எடைக்கற்களைக் கட்டி இறக்கினோம். மூச்சுப் பிடித்து முழுகினான், எழுந்தான், மறுபடி முழுகினான். கிணற்றைச் சுற்றி அரை ஊர் நின்றது.

மேலே ஏற்றி ஜிப்பைத் திறந்தேன். பட்டுத் துண்டு மொத்தமும் நனைந்திருந்தது.

மச்சான் கிணற்றுப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தான். "சரி மாமா, கயிறே புடிக்கிறேன்."

இவள் அந்தத் துண்டை வெடுக்கென்று உருவி, இடது தோள் பட்ட இடமாகப் பார்த்து நாக்கில் வைத்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் கத்தினாள் பாருங்கள்:

"டேய், உப்புக் கரிக்குதுடா! இது உன் வேர்வைடா!"

அந்தக் கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி தித்திப்பாக இருக்கும். நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புதான். மச்சானும் பார்த்தான். கிணற்றுக்காரரிடம் நீட்டினோம். "எனக்கு வேணாங்க, நீங்க சொன்னா நம்பறேன்" என்று அவர் நாலடி தள்ளிப் போனார்.

மச்சான் எழுந்து அக்காவுக்கு முதுகைக் காட்டினான். "ஜிப்பை இழுத்து உடுக்கா. இன்னொரு தரம் போய்ட்டு வரேன்."

"அதான் தெரிஞ்சுடுச்சே, இன்னும் எதுக்குடா?"

"சும்மாதான்" என்றான். இவள் பல் பல்லாகத் தடவிப் பார்த்து ஜிப்பை மூடினாள். அவன் படியில்கூட இறங்கவில்லை. எடைக்கல்லோடு மேலேயிருந்தே குதித்தான்.